புள்ளிகளும் பிள்ளைகளும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்து இரவொன்று. இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, ஐந்தாம் தரத்தில் படித்த என் மகள் விறாந்தையில் குந்தியிருந்து கட்டுரையொன்றைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பு 'எங்கள் ஊர்'. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதமே இருந்தது. கொப்பியை வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஊரின் நாற்புறமும் பச்சைப்பசேலென்ற வயல்கள் இருந்தன. ஊரின் நடுவே தாமரை பூத்த குளமொன்று இருந்தது. அதிகாலையில் உழவர்கள் ஏர் சுமந்து சென்றார்கள். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. ரியூசன் வகுப்பில் அதற்கு முழுப் புள்ளியும் கிடைத்திருந்தது.

நாங்கள் இருப்பது யாழ்ப்பாணம் சோனகர் தெருவில். எங்கள் வாசலுக்கு எதிரே கூரையில்லாத வீடொன்று நிற்கிறது. அதன் உரித்தாளர்கள் 1990இல் போனவர்கள், இன்னும் திரும்பவில்லை. குசினி இருந்த இடத்தில் ஓர் ஆலங்கன்று சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்திருக்கிறது. வயலும் இல்லை, குளமும் இல்லை.

"மகள், இது எந்த ஊர்?"

"எங்கட ஊர் வாப்பா."

"எங்கட ஊரில எங்க குளம்?"

"சேர் தந்த கட்டுரையில இருக்கு. இத எழுதினா முழு மாக்ஸும் வரும்."

"எங்கட தெருவைப் பற்றி எழுதினா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பிழை விடுவன் வாப்பா" என்றாள்.

அந்தப் பதில் என்னை வெகுநாள் விடவில்லை. பத்து வயதுப் பிள்ளை பொய் சொல்லிவிட்டாள் என்று நான் கவலைப்படவில்லை. கட்டுரையில் கற்பனை எழுதுவது பொய்யுமாகாது. ஆனால் அது அவளுடைய கற்பனையும் இல்லை. தன்னுடையதைச் சொன்னால் பிழை வரும், பிறர் எழுதித் தந்ததைச் சொன்னால் பிழை வராது என்ற பாடத்தை அவள் மிக நன்றாகப் படித்திருந்தாள். எந்தப் பாடவிதானத்திலும் இல்லாத அந்தப் பாடத்துக்கு மாதாமாதம் கட்டணம் செலுத்தியவன் நான்.

பரீட்சைக்காகப் படிப்பிப்பது சரியா, பிழையா என்ற வாதம் நமது நாட்டில் பழையது. எனக்கு அதைவிட நெருக்கமாக ஒரு கேள்வி இருக்கிறது. பிழையென்று தெரிந்த ஒன்றைப் பிள்ளையின் நன்மைக்காகவே செய்கிற பெற்றோரை எப்படி நியாயம் தீர்ப்பது? அந்த வரிசையில் நானும் நிற்பதால், நீதிபதியின் கதிரையில் இருந்து இதை எழுத எனக்கு அருகதையில்லை.

புலமைப்பரிசில் பரீட்சையின் பிறப்பு கண்ணியமானது. சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான கல்விக் குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. அவற்றுக்குள் ஏழைக் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கொண்டுவருவதற்கான வாசலாகவே ஐந்தாம் வகுப்புப் பரீட்சை வைக்கப்பட்டது. நகரத்துக் கட்டணக் கல்லூரியின் படியை மிதிக்க முடியாதவனுக்கு அரசாங்கம் நீட்டிய கை அது.

இன்று ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இப்பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஏறத்தாழ ஆறில் ஒருவர். தாண்டியவர்களிலும் குடும்ப வருமானம் குறைந்த ஒரு பகுதியினருக்கே உதவிப்பணம் கிடைக்கிறது. ஏனையோருக்கு இது பிரபல பாடசாலையொன்றின் ஆறாம் வகுப்புக்குள் நுழைவதற்கான சீட்டு. வறியவனுக்காகத் திறந்த வாசலில் வசதியுள்ளவனும் வந்து நின்றான். வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை, ரியூசனோடு வந்தான். பிறகு வறியவனும் கடன்பட்டு ரியூசனுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கந்தூரியில் கொடியேற்றம் பார்க்க முன்வரிசைக்காரன் குதிக்காலை உயர்த்தினால் பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் உயர்த்தியே ஆகவேண்டும். கடைசியில் எவருக்கும் முன்னையைவிட அதிகமாய்த் தெரிவதில்லை. எல்லோருக்கும் கால் வலிப்பதுதான் மிச்சம்.

பாடவிதானம் செய்தவர்களைக் குறைசொல்வதிலும் முழு நியாயமில்லை. 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு வகுத்த வழி அழகானது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றையும் கலந்து கற்பிக்கச் சொன்னது. ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளை கட்டாயம் அடையவேண்டியவற்றை 'அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள்' எனப் பட்டியலிட்டது. அந்தத் தேர்ச்சியை அடையாத பிள்ளையை ஆசிரியர் கண்டுபிடித்துக் கைகொடுக்க வேண்டும் என்றது. அதாவது எல்லோரும் தாண்டவேண்டிய கோடு ஒன்றை அது வரைந்தது. புலமைப்பரிசில் வரைவதோ சிலர் மாத்திரமே தாண்டக்கூடிய கோடு. இரண்டும் ஒரே வகுப்பறையில், ஒரே கரும்பலகையில் வரையப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் எந்தக் கோட்டை நோக்கி ஓடுவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

என் மகள் நான்காம் தரத்தில் இருந்தபோது பெற்றோர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தேன். அவர்களுடைய வகுப்பாசிரியை பிள்ளைகளை வெளியே கூட்டிச்சென்று இலைகளைப் பொறுக்கவைத்து, நரம்புகளைப் பார்த்து வகைப்படுத்தச் செய்திருந்தார். நல்ல பாடம். அன்று கூட்டத்தில் எழுந்த முதல் முறைப்பாடே அதைப் பற்றியதுதான். "பிள்ளையள் வெயிலில விளையாடுதுகள். பாஸ்ட் பேப்பர் எப்ப தொடங்குவீங்க?" என்று ஒரு தகப்பன் கேட்டார். பலர் தலையாட்டினார்கள். ஆசிரியை அதிபரைப் பார்த்தார். அதிபர் நிலத்தைப் பார்த்தார். அடுத்த தவணையில் இலை பொறுக்குவது நின்றுபோயிற்று. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆசிரியைக்காக ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால், என் மகளின் புள்ளி குறைந்த நாளில் ஊரார் என்னைத் தேடிவந்து கேட்பார்கள் என்று பயந்தேன்.

ஆசிரியர்கள் பரீட்சைக்காகப் படிப்பிக்கிறார்கள் என்று பெற்றோர் குறைசொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். அப்படிப் படிப்பிக்காத ஆசிரியரைப் பெற்றோர் விட்டுவைப்பதில்லை என்பதை அன்று கண்டேன்.

எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு வலிமையோடு வைப்பதே நேர்மை. எனக்கு அது புத்தகத்திலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டு ஓட்டோக்காரச் சகோதரரிடமிருந்து வந்தது. அவருடைய மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. ஒருநாள் நான் இந்தப் பரீட்சையையே ஒழிக்கவேண்டும் என்று வீராப்பாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காக்கா, பெரிய பள்ளிக்கூடத்தில பிள்ளையச் சேக்க ஆளைத் தெரிஞ்சவனுக்கு ஆள் இருக்கு. காசிருக்கிறவனுக்கு இன்டர்நெஷனல் இருக்கு. எனக்கு இந்தச் சோதினை மட்டும்தான் இருக்கு. இதையும் எடுத்தா நான் எங்க போறது?"

நான் வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் அவர் சொன்னது என் சொந்தக் கதையுமாகும்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் வேரோடு பிடுங்கப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்குப் போனோம். அங்கே கிடுகுக் கொட்டில்களில் எங்கள் பாடசாலை நடந்தது. காலையில் ஊர்ப் பிள்ளைகள் படித்துப்போன கட்டடங்களில் மாலையில் நாங்கள் படித்ததும் உண்டு. கணிதம் படிப்பித்த சேரிடம் கவராயம் இல்லை. ஈர்க்கில் ஒன்றை ஊன்றி, நூல் கட்டி, கடல் மணலில் வட்டம் கீறிக் காட்டினார். 'ஆரை' என்ற சொல்லைக் கேட்கும்போது இன்றைக்கும் எனக்கு அந்த நூல்தான் ஞாபகம் வருகிறது.

அதே சேர்தான் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியபோது கடந்தகால வினாத்தாள்கள் அடங்கிய கிழிந்த புத்தகமொன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். முகாமுக்கே ஒரேயொரு பிரதிதான். லாம்பு வெளிச்சத்தில் முறைவைத்துக் கையால் பார்த்தெழுதினோம். விடைகளை வரிவரியாக மனனம் செய்தோம். அப்பட்டமான பரீட்சைப் படிப்புத்தான் அது. அதுவே எங்களைக் காப்பாற்றியது. கொழும்பின் பெரிய கல்லூரிப் பிள்ளையின் மேசையில் எந்தத் தாள் வைக்கப்பட்டதோ அதே தாள்தான் அகதிப் பிள்ளையின் மேசையிலும் வைக்கப்பட்டது. அது எங்களிடம் முகவரி கேட்கவில்லை, முகாமின் பெயர் கேட்கவில்லை. சுட்டெண்ணை மாத்திரம் கேட்டது. ஊரும் வீடும் பறிபோன எங்களுக்குப் பெயரில்லாமல் இருப்பது அன்றைக்கு ஒரு கௌரவமாகவே பட்டது.

ஆகவே பரீட்சையை இழிவாகப் பேசும் உரிமை எனக்கில்லை. நான் ஏறிவந்த ஏணி அது. ஏறி முடித்தவன் ஏணியைப் பழிப்பது சுலபம்.

யாழ்ப்பாண மண்ணில் புள்ளி என்பது வெறும் இலக்கம் இல்லை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாகப் பட்டதாரிகளை உருவாக்கியபோது, அந்த முதல் இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள்: கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். நிலம் வறண்ட ஊருக்குப் படிப்பே பயிராயிற்று. அப்படியிருந்த ஊரில்தான் 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து விழுந்தது. மொழிமூலத்தைப் பார்த்து மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ்ப் பிள்ளையிடம் கூடிய புள்ளி கேட்கப்பட்டது. 'எடுத்த புள்ளிக்கு இடமில்லை' என்ற அந்தக் காயம் ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது. முகவரி கேட்காத தாள் என்று நான் மேலே சொன்னேனே, அந்த நம்பிக்கை உடைந்த கதை அது.

எனினும் அதன் இன்னொரு பக்கத்தையும் நாம் பேசாமல் விடலாகாது. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டினால் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் அம்பாறையிலும் இருந்து முன்பு பல்கலைக்கழக வாசலைக் காணாத பிள்ளைகள் உள்ளே போனார்கள். அவர்களில் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். இன்றும் பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பங்கு மாவட்ட அடிப்படையில்தான் பகிரப்படுகிறது. பின்தங்கிய மாவட்டங்களுக்குத் தனியாக 5 வீதம் உண்டு. ஆய்வுகூடமில்லாத பாடசாலைப் பிள்ளையின் 60 புள்ளியும், நான்கு ரியூசனுக்குப் போகும் பிள்ளையின் 70 புள்ளியும் எதை அளக்கின்றன? முன்னது பின்னதைவிடக் கூடிய உழைப்பாக இருக்கலாம். தராசு நேராக இருந்தாலும் தட்டில் ஏற்கெனவே கல் கிடந்தால் நிறை எப்படிச் சரியாகும்? மொழியைப் பார்த்துக் கூட்டிக் குறைத்தது அநீதி. நிலைமையே பார்க்காமல் அளப்பதும் முழுநீதி ஆகாது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே நெஞ்சில் வைத்திருப்பது யாழ்ப்பாணத்து முஸ்லிமுக்கு அவ்வளவு கடினமில்லை. இரண்டு பக்கத்துக் காயத்தையும் பார்த்தவன் அவன்.

நமது பழைய அறிஞர்கள் இதுபற்றி என்ன நினைத்தார்கள் என்று தேடினால் இப்னு கல்தூனிடம் போய் நிற்போம். 14ஆம் நூற்றாண்டில் எழுதிய முகத்திமாவில் அவர் கல்வியைப் பற்றிப் பல அத்தியாயங்கள் ஒதுக்கியிருக்கிறார். அவற்றிலொன்று சுருக்க நூல்களின் தீமையைப் பற்றியது. பெரிய நூல்களைச் சில பக்கங்களுக்குள் நெருக்கி மனனத்துக்குக் கொடுப்பதால் மாணவனின் வேலை சுலபமாவதுபோலத் தோன்றினாலும் அறிவு அவனுக்குள் வேர்விடுவதில்லை என்பது அவர் கருத்து. இன்றைய ரியூசன் குறிப்புகளை அவர் பார்த்திருந்தால் புதிதாக எதுவும் எழுதத் தேவைப்பட்டிருக்காது. தன் காலத்தில் மொரோக்கோவின் மத்ரஸாக்களில் மாணவர்கள் பதினாறு ஆண்டுகள் தங்கிப் படிப்பதையும், தூனிஸில் ஐந்து ஆண்டுகளே போதுமாக இருப்பதையும் ஒப்பிடுகிறார். நீண்டகாலம் இருந்தும் முன்னவர்கள் தேறாததற்கு அவர் காணும் காரணம், அவர்கள் வகுப்பில் வாய்திறவாமல் மனனத்திலேயே குறியாயிருந்தது. வாதிட்டும் பேசியும்தான் அறிவு ஒருவனின் சொந்தத் திறனாக மாறுகிறது என்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஹாபிழ்களைப் போற்றும் சமூகம் மனனத்தை எப்படிக் குறைசொல்லும்? எனக்கும் இந்தக் குழப்பம் இருந்தது. யோசித்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது. குர்ஆனை மனனம் செய்கிற பிள்ளை அதை வாழ்நாள் முழுவதும் சுமப்பதற்காகச் செய்கிறது. மறந்துவிடுவதே அதற்குப் பயம். மாதிரிக் கட்டுரையை மனனம் செய்கிற பிள்ளை பரீட்சை மண்டபத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போவதற்காகச் செய்கிறது. மனனம் ஒன்றுதான்; எதற்காக என்பதில்தான் பெறுமதி இருக்கிறது. நானும் முகாமில் வினாத்தாள் மனனம் செய்தவன்தான். எனக்கு அதற்குமுன் மணலில் கீறிய வட்டம் ஒன்று இருந்தது. என் மகளுக்கு அந்த வட்டத்தை யாரும் கீறிக் காட்டவில்லை. நேரடியாக வினாத்தாளில் தொடங்கினாள்.

அந்த ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி பரீட்சை நடந்தது. முடிந்த சில நாட்களுக்குள் செய்தி பரவியது: முதலாம் வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியாகியிருந்தன. பெற்றோர் வீதிக்கு இறங்கினார்கள். விடைத்தாள் திருத்தும் பணி நிறுத்தப்பட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், டிசம்பர் கடைசி நாளில் தீர்ப்பு வந்து, பெறுபேறு 2025 ஜனவரியில்தான் வெளியாயிற்று. மாதக்கணக்கில் பத்து வயதுப் பிள்ளைகள் வளர்ந்தவர்களின் பிழைக்காகக் காத்திருந்தார்கள். கசிந்த கேள்விகளை நீக்கினால், அவற்றுக்குத் தானாகவே சரியான விடை எழுதிய பிள்ளைக்கு அநியாயம். எல்லோருக்கும் புள்ளி கொடுத்தாலும் அதே பிள்ளைக்கு அநியாயம். திரும்ப நடத்தினால் எல்லாப் பிள்ளைக்கும் கொடுமை. அமானிதம் ஒருமுறை உடைந்தால் நீதியான வழியென்று ஒன்று மிஞ்சுவதில்லை, குறைந்த அநியாயத்தைத் தேடுவதுதான் மிஞ்சுகிறது என்பதை அப்போது கண்டேன்.

நாங்கள் எல்லோரும் கசியவிட்டவர்களைச் சபித்தோம். நியாயமான சாபம்தான். ஆனால் அந்த நாட்களில் எனக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம் 'இம்முறை நிச்சயம் வரும்' என்று எழுதிய ஊக வினாத்தாள் ஒன்றை நானும் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். களவும் ஊகமும் ஒன்றல்ல; சட்டத்திலும் ஒன்றல்ல, மார்க்கத்திலும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டையும் தேடி ஓடுகிற மனம் ஒன்றுதான். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது அந்த மனத்துக்கு அக்கறையில்லை. என்ன கேட்பார்கள் என்பது தெரிந்தால் போதும்.

என் மகள் வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு புள்ளியால் தவறியிருந்தான். நான்காம் தரத்திலிருந்தே அவள் ரியூசனுக்குப் போனவள். அவனுக்குக் கடைசி ஆறு மாதம்தான் வசதிப்பட்டது. பரீட்சையை ஒழிக்கவேண்டும் என்று பேசிய எனக்கு அது பலன் தந்தது. அதை நம்பியிருந்த அவருக்கு அது கதவடைத்தது.

அன்று மஃரிபுக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து மகளின் கையில் ஒரு பெட்டி மஸ்கத் கொடுத்தார். "நல்லாப் படிச்சு ஊருக்குப் பேர் எடுத்துத் தா மகள்" என்றார். அவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய மகன் இரண்டு கிழமை தெருவுக்கு விளையாட வரவில்லை. கேட்கிறவர்களுக்குப் பதில்சொல்ல முடியாமல் தாய் உள்ளேயே வைத்திருந்தார். மூன்று லட்சத்தில் ஆறில் ஐந்து பங்குப் பிள்ளைகளுக்கு, பத்து வயதிலேயே 'நீ போதாது' என்று முத்திரை குத்துகிற ஒன்றை ஏணி என்று மட்டும் சொன்னால் போதுமா?

நான் எந்த முடிவுக்கு வந்திருக்கிறேன்? பரீட்சை வேண்டாம் என்று சொல்ல இன்றும் துணிவில்லை. ஓட்டோக்காரச் சகோதரரின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எல்லாப் பாடசாலையும் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருக்குமானால் அந்தக் கேள்வியே எழாது. பெற்றோராகிய நாம் அதற்காகக் கூட்டம் கூட்டியதில்லை. 'பாஸ்ட் பேப்பர் எப்ப?' என்று கேட்கத்தான் கூடியிருக்கிறோம். தன் பிள்ளைக்காக ஒரு தகப்பன் ஓடுவதை நான் பாவமென்று சொல்லமாட்டேன். ஓடுகிறபோது பிறர் பிள்ளையின் பாதையை அகலமாக்கும் கடமையும் தனக்கு உண்டென்பதை அவன் மறப்பதுதான் குற்றம். அந்தப் பெற்றோர் கூட்டத்தில் மௌனமாயிருந்த என்னை இந்த அளவுகோலால் நானே குற்றவாளியாகக் காண்கிறேன்.

வண்ணார்பண்ணையில் பிறந்த நமது ஏ.எம்.ஏ. அஸீஸ், நாட்டின் மிகக் கடினமான பரீட்சையொன்றில் தேறி, இலங்கைச் சிவில் சேவையின் முதலாவது முஸ்லிம் ஆனவர். 1945இல் பிறர் பிள்ளைகள் படிக்கவென்று முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கினார். 1948இல் அந்த உயர்ந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு ஸாஹிறாக் கல்லூரி அதிபராகப் போனார். தாமோதரம்பிள்ளையை நாம் நினைப்பதும் அவருடைய பட்டத்துக்காக இல்லை. செல்லரித்த ஏடுகளிலிருந்து தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சுக்குக் கொண்டுவந்ததற்காக. அதை எந்தப் பரீட்சையும் அவரிடம் கேட்கவில்லை. இருவருக்கும் பரீட்சை வாசலாக இருந்தது. வாசலிலேயே அவர்கள் குடியிருந்துவிடவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். கட்டணமில்லை, புள்ளியுமில்லை. பக்கத்து வீட்டுப் பையனும் வருகிறான். சென்றமுறை 'எங்கள் தெரு' என்று எழுதச் சொன்னேன். அவன் எதிர்வீட்டு ஆலங்கன்றைப் பற்றி எழுதியிருந்தான். அந்த வீட்டுக்காரர் திரும்பி வந்தால் மரத்தை வெட்டுவாரா, வீட்டை விடுவாரா என்று கேட்டிருந்தான். ஏழு எழுத்துப் பிழைகள். என் மகளும் எழுதினாள். குளம் வரவில்லை. அவளுக்கும் நான்கு பிழைகள் வந்திருந்தன.